யாழினிக்கு: முதலில் தகடு, ஈயம் பிறகு

அன்புள்ள யாழினி,

அரிசோனாவில் டூசானுக்கு வெளியே உங்கள் நிலத்தில் சுடும் பயிற்சிக்கு மண்மேடு எழுப்பியாயிற்று, இனி இரும்பு இலக்கும் வீட்டிலேயே குண்டு வார்ப்பும்தான் பாக்கி என்று எழுதியிருந்தாய். இலக்கை இந்த மாதமே செய். வார்ப்பு பொறுக்கட்டும், காரணம் கீழே.

பழைய இரும்புக் கடைத் தகடு மலிவு என்று மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடு. மெத்தென்ற இரும்பில் குண்டு பட்டால் குழி விழும். அடுத்த குண்டு அந்தக் குழியில் விழுந்தால் சிதறல் சுட்டவரை நோக்கித் திரும்பும். வாங்க வேண்டியது ஏஆர்500 என்ற கெட்டி எஃகுத் தகடு, கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் 500 போல இருக்கும். அதன் வழவழப்பான முகத்தில் ஈயக் குண்டு அப்பளமாக நசுங்கி, தகட்டை ஒட்டியே நாலா பக்கமும் தெறிக்கும். கைத்துப்பாக்கிக்கும் சாதாரண ரைஃபிளுக்கும் 3/8 அங்குலத் தடிமன் போதும்.

பிளாஸ்மா அல்லது வாட்டர்ஜெட் வெட்டு இயந்திரம் உள்ள பட்டறையில் வெட்டக் கொடு. போல்ட்டுக்கான சதுரத் துளையையும் அங்கேயே போடச் சொல், வீட்டு டிரில் பிட் அந்தத் தகட்டில் மழுங்கிப் போகும். கேஸ் கட்டிங் வேண்டாம். சுமார் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறிய இடமெல்லாம் கடினம் இறங்கும். தகட்டில் கொக்கி வெல்டிங் வைக்காதே என்பதும் இதனால்தான். பற்றவைத்த இடத்துக்கு நேர் முன்பக்கம்தான் முதலில் குழியும்.

துளையில் 1/2 அங்குல கேரியேஜ் போல்ட், அதன் உருண்டைத் தலை சுடுபவர் பக்கம், நட்டு பின்னால். தகட்டுக்குப் பின்னால் போல்ட்டில் ஒரு ஸ்பிரிங் கோத்து இறுக்கினால் அதிர்ச்சி தாங்கும். தகடு 20 டிகிரி போல முன்னால் குனிந்து நிற்க வேண்டும், அப்போதுதான் சிதறலில் பெரும்பகுதி தரைக்குப் போகும். கால்களை 2x4 மரச் சட்டத்தில் செய். அடிபட்டால் மாற்றிக்கொள்ளலாம். இரும்புக் குழாயில் செய்தால் வளைந்த பரப்பில் பட்ட குண்டு எந்தத் திசையில் போகும் என்று யாருக்கும் தெரியாது.

கைத்துப்பாக்கிக்கு 10 கஜம், ரைஃபிளுக்கு 100 கஜம், அதற்குக் கிட்டே வேண்டாம். எஃகு உள்ள குண்டும், வினாடிக்கு 3000 அடி தாண்டும் வேகமும் ஏஆர்500-ஐயும் குழிக்கும். சுடுமுன் கையுறையோடு தகட்டின் முகத்தைத் தடவிப் பார். குழியோ மேடோ விரலில் தட்டினால் அந்தத் தகட்டைக் கழற்றிவிடு. பாதுகாப்புக் கண்ணாடி வேடிக்கை பார்ப்பவருக்கும் கட்டாயம்.

வார்ப்புக்கு வருகிறேன். உருக்கும் சூட்டில் ஈய ஆவி குறைவுதான். ஆபத்து கசடுத் தூளில்: கையில், செருப்பில், சட்டையில் ஒட்டி வீட்டுக்குள் வரும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைப்பான். ஆகவே வீட்டோடு ஒட்டிய கேரேஜில் கூடாது. தனிக் கொட்டகை, தனிச் சட்டை, தனிச் செருப்பு என்று ஏற்பாடான பிறகு ஆரம்பி. சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதே.

டயர் கடையில் கிடைக்கும் பழைய வீல் வெயிட், அதாவது சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டும் எடை, நல்ல சரக்கு, ஆனால் அதில் துத்தநாகம் கலந்து கிடக்கும். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419-இல். தெர்மோமீட்டர் வைத்து 350-க்குள் நிறுத்தினால் துத்தநாகம் உருகாமல் மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். தப்பி உருகிவிட்டால் கலவை கூழாகி அச்சின் ஓரங்களை நிரப்பாது. பேட்டரி ஈயத்தைத் தொடவே தொடாதே, அதன் கசடு ஈரம் பட்டால் விஷ வாயு விடும். பழைய ஈயத்தைக் குளிர்ந்த பாத்திரத்தில் போட்டுப் பிறகு சூடேற்று. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினாலும் நீராவி வெடித்து முகத்தில் தெறிக்கும்.

குண்டில் சுருக்கம் தெரிந்தால் அச்சு சூடாகவில்லை, இல்லாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. மேல்பரப்பு மங்கி வெளுத்தால் சூடு கொஞ்சம் அதிகம், அதைச் சுடலாம். குழலில் ஈயம் படிந்தால் பலரும் கலவை மெத்தென்று இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் குண்டு சிறுத்திருப்பதுதான் காரணம், இடுக்கு வழியே வாயு போய் ஈயத்தை அரிக்கும். குழலுக்குள் சுழல் வரியாக வெட்டிய பள்ளத்தின் விட்டத்தைவிடக் குண்டு 0.001 அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும்.

ஆகவே அச்சு வாங்குமுன், மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றை உன் 38 ரிவால்வர் குழலில் எண்ணெய் தடவி அடித்து வெளியே எடு. அதை மைக்ரோமீட்டரில் அளந்து எனக்கு எழுது. எந்த அச்சு என்று பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா