முழுப்பரீட்சை முடிந்ததும் ஊர்க்கிணற்றில் நீச்சல் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் ‘குளிக்கச் சென்ற சிறுவர்கள் நீரில் மூழ்கி பலி’ என்ற தலைப்பை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். ஒருவன் வழுக்கி விழுந்தான், காப்பாற்ற இறங்கிய இன்னொருவனும் போனான் என்று செய்தி முடிகிறது. இறப்பவர்களில் பலர் கிராமத்துப் பிள்ளைகள். கிணறும் கண்மாயும் உள்ள ஊரில் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாதா என்று கேட்கிறார்கள். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் மட்டும் நீச்சல் வந்துவிடாது. பழக்கிவிட ஓர் ஆளும் ஒரு முறையும் ஊரில் இருந்தன. இன்று அவை இரண்டும் இல்லை.

அந்த முறையை விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் இன்றைய பெற்றோரில் பலருக்கே அது தெரியாது. முதலில் மிதவை. நன்றாக முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கை, கொங்குப் பக்கத்தில் சுரைப்புருடை என்பார்கள். அது கிடைக்காத ஊரில் காய்ந்த கற்றாழைத் தண்டு, வாழை மரத் துண்டு. இப்போது மூடி இறுக்கமான ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் போதும். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். பிள்ளையின் உடம்பைத் தண்ணீரே பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. தலையை வெளியே நிறுத்த மூன்று நான்கு கிலோ தாங்கல் இருந்தால் போதும், ஆகவே ஒரு கேன் தாராளம். அதை முதுகில், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே கட்ட வேண்டும். வயிற்றில் கட்டினால் மிதவை மேலே வரப் பார்த்து, பிள்ளையைப் புரட்டிப் போட்டுவிடும். இடுப்புக்குக் கீழே இறங்கினால் பின்புறம் மேலே எழும்பி முகம் தண்ணீருக்குள் போகும்.

அடுத்தது கயிறு. கேனைக் கட்டும் துணி வேறு, பிள்ளையின் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் கயிறு வேறு. ஒன்று நழுவினாலும் மற்றது இருக்கும். சுருக்கு முடிச்சு கூடவே கூடாது, இழுக்க இழுக்க இறுகி மூச்சை அடைக்கும். கயிற்றின் மறுமுனை படியில் நிற்கும் பெரியவர் கையில் இருக்க வேண்டும். மோட்டார்ப் பெட்டியிலோ கம்பியிலோ கட்டிவிட்டு வெற்றிலை போடப் போகக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் குதித்தால் யார் மேலே வரவில்லை என்று எண்ண முடியாது.

தண்ணீருக்குள் முதல் பாடம் மூச்சு. நெஞ்சளவு தண்ணீரில் படியில் நின்று முகத்தை முக்கி வாயால் குமிழி விடச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாள் இதிலேயே போனாலும் பரவாயில்லை. இதைத் தாண்டிப் போனவர்கள்தான் பிறகு மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பத்தடியில் களைத்துப் போகிறார்கள். பிறகு படியைப் பிடித்துக் காலடித்தல். தொடையிலிருந்து கால் அசைய வேண்டும். முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்பது போல் அடித்தால் தண்ணீர்தான் தெறிக்கும், உடம்பு நகராது. தலையைத் தூக்கத் தூக்கக் கால் அமிழும் என்பதையும் பிள்ளை இங்கேயே உணர்ந்துவிட வேண்டும். அதன் பிறகு மல்லாந்து மிதக்கப் பழக்க வேண்டும். பெரியவரின் உள்ளங்கை பிடரிக்குக் கீழே இருக்கட்டும், காது தண்ணீருக்குள் இருக்கட்டும். கழுத்து தளர்ந்ததும் கையை மெல்ல எடுத்துவிடலாம். நீச்சலை விட உயிரைக் காப்பது இந்த மிதப்புதான், அதனால் இதற்கு அதிக நாள் கொடுங்கள்.

கேனைக் கட்டிக் கிணற்றின் குறுக்கே போய்த் திரும்பத் தெரிந்த பிறகு, மிதவையை ஒரேயடியாகக் கழற்றிவிடக் கூடாது. முன்பெல்லாம் பெரிய குடுக்கையிலிருந்து சின்னக் குடுக்கைக்கு மாற்றுவார்கள். கேனில் அது இன்னும் சுலபம்: இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றி மூடுங்கள், தாங்கல் ஒவ்வொரு கிலோவாகக் குறையும். பிள்ளைக்கே தெரியாமல் உடம்பு வேலையை ஏற்றுக்கொள்ளும். தினம் அரை மணி நேரம் என்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். உதடு நீலம் பாரித்தாலோ பல் நடுங்கினாலோ உடனே மேலே ஏற்றிவிடுங்கள். ஆழமான கிணற்றில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் நாலைந்து அடிக்குக் கீழே விறைக்க வைக்கும். மூச்சை வேகவேகமாக இழுத்து இழுத்து விட்டுவிட்டு முங்கும் போட்டியை அனுமதிக்காதீர்கள், தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். வலிப்பு உள்ள பிள்ளை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எல்லாக் கிணறும் இதற்கு ஆகாது. இறங்கி ஏறப் படி வேண்டும். படி இல்லாத கிணற்றில் நன்றாக நீந்துகிறவனும் ஏற வழியில்லாமல் களைத்துச் சாவான். மோட்டார் இருந்தால் மெயின் சுவிட்சையே நிறுத்த வேண்டும், ஈரத்தில் கிடக்கும் ஒட்டுப்போட்ட ஒயர் ஆளைக் கொல்லும். நெடுநாள் புழங்காத கிணற்றில் விஷவாயு தங்கியிருக்கும். படியில் பாசி இருந்தால் முதல் நாளே தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

ஏரி, குளம் என்றால் நிலைமை இன்னும் மாறிவிட்டது. முன்பு கரையிலிருந்து உள்ளே போகப் போகக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழம் படிப்படியாகக் கூடும். பொக்லைன் வைத்து மண் எடுத்த இடத்தில் முழங்காலளவிலிருந்து அடுத்த எட்டே பத்தடிப் பள்ளம். மழை பெய்து நிறைந்துவிட்டால் மேலே பார்க்க எல்லாம் ஒரே தண்ணீர். வண்டல் எடுப்பதை யாரும் குறை சொல்லவில்லை, வயலுக்கு அது நல்லது. ஆனால் வெட்டியவர்கள் விளிம்பைச் சரிவாக்கிவிட்டுப் போக வேண்டும், பள்ளத்தைச் சுற்றி மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். தூர் வாரும் ஒப்பந்தத்திலேயே இதை எழுதுவதற்கு என்ன தடை?

இப்படிப் பழகிய பிள்ளைக்கு நீச்சலோடு வேறு சிலவும் வந்து சேர்கின்றன. கம்பை ஊன்றிப் பார்க்காமல் காலை வைக்காது. ஆற்றில் மணல் எங்கே உறுதி, எங்கே உள்வாங்கும் என்று பாதத்தால் அறியும். தாமரைக்கொடி காலில் சுற்றினால் உதறாமல், மல்லாந்து காலை மெல்ல உருவிக்கொள்ளும். பயம் வரும்போது துள்ளாமல் உடம்பைத் தளர்த்துவது அதற்கு உடம்போடு வந்துவிட்ட பழக்கம். வளர்ந்து தண்ணீரே இல்லாத நகரத்துக்குப் போனாலும் அந்த நிதானம் ஆளை விட்டுப் போகாது என்று உறுதியாக நம்புகிறேன். கரையில் கயிறு பிடித்து நின்ற பெரியவரிடமிருந்து கிடைத்தது அது. ஆளில்லாமல் தண்ணீரில் விடப்பட்ட பிள்ளைக்கு வீறாப்புதான் மிஞ்சும்.

பழைய காலத்தை முழுவதுமாகப் புகழவும் முடியாது. பல ஊர்களில் பட்டியல் சாதிப் பிள்ளைகள் மற்றவர் கிணற்றுப் பக்கமே போக முடியாது. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டார்கள். துவைக்கப் போன இடத்தில் கால் தவறி இறக்கும் பெண்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே தனியார் தோட்டக் கிணற்றை நம்பாமல், ஊராட்சியின் பொதுக் கிணற்றிலோ குளத்திலோ எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே பழக்கலாம், நீந்தத் தெரிந்த அக்காமார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பாவாடையும் துப்பட்டாவும் காலைச் சுற்றும், டீசர்ட்டும் அரைக்கால் சட்டையும் போதும்.

இதற்கு நீச்சல் குளம் கட்டக் கோடிகள் வேண்டியதில்லை. வங்கதேசத்தில் ஊர்க்குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டி, அதன் மேல் பிள்ளைகளை நிறுத்திப் பழக்குகிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்கூட. நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்க ஜூலை 25-ஐ உலக நாளாக ஐ.நா. பொதுச்சபை 2021-இல் அறிவித்தது. நம் ஊர்களில் அப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாது.

கரையில் எப்போதும் இருக்க வேண்டியவை: நீளக் கயிறு, ஒரு மூங்கில் கழி, மூடியுள்ள பிளாஸ்டிக் குடம். குடத்தில் அரை லிட்டர் தண்ணீர் விட்டு மூடிக் கழுத்தில் கயிற்றைக் கட்டி எறிந்தால் காற்றில் அலையாமல் போய் விழும். மூழ்குகிறவனிடம் நீந்திப் போகவே கூடாது, பிடித்த பிடியை அவன் விடமாட்டான். கழியோ குடமோ இல்லையென்றால் வேட்டி, சேலை எதையாவது எறியுங்கள். மூழ்குகிறவன் கத்துவான் என்று காத்திருக்காதீர்கள். வாய் தண்ணீருக்குள் போய்வரும்போது சத்தம் எழாது.

வெளியே எடுத்தவனைத் தோளில் போட்டுச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. வயிற்றில் இருப்பது வாந்தியாகி நுரையீரலுக்குள் போகும், பொன்னான நிமிடங்களும் வீணாகும். சமதரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று 108 வண்டி வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்தில் ஒவ்வோர் ஊரும் ஒரு கிணற்றையோ குளத்தையோ குறித்து, நீந்தத் தெரிந்த நான்கு ஆண்களையும் நான்கு பெண்களையும் தேர்ந்தெடுத்து, தீர்மானமாக எழுதி வைக்கலாம். உடற்கல்வி ஆசிரியர்கள் காலை ஏழு மணிக்கு வந்து நின்றால் பெற்றோருக்கும் நம்பிக்கை வரும். இந்தக் கடிதத்தைப் பள்ளி திறந்த பிறகு வெளியிடாமல், முழுப்பரீட்சைக்கு முன்பே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கரூர் மாவட்டம்.