கோவையில் ஓடுகிறது, கோத்தகிரியில் ஓடவில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்கா போனில் பாதிதான் சொன்னாள். மீதியை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் கேட்டுக்கொண்டேன். காலையில் நீயே அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. அணைத்துப் போட்டு, மறுபடி அணைத்துப் போட்டு, மூன்றாவது நான்காவது தடவையில் எழுந்துகொள்கிறது. அப்புறம் ராத்திரி வரை ஒரு குறையும் இல்லை. தினமும் இப்படி என்றாலும் பரவாயில்லை, மூன்று நாளைக்கு ஒரு நாள்தான் இந்தக் கூத்து. பாகங்கள் வாங்கிய கோவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஒரே அமுக்கில் ஓடுகிறது. கடைக்காரர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல தம்பி, எடுத்துட்டுப் போ" என்கிறார்.

டாக்டரைப் பார்த்ததும் பல்வலி போய்விடுகிற கதைதான். ஆனால் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஆக, அதே நாள் அதே மணிக்கே உன் அறை அந்தக் கடையைவிட எட்டு ஒன்பது டிகிரி குளிராக இருக்கும். நீ காட்டியது நண்பகலில். உனக்குக் கோளாறு வருவது மார்கழி விடியலில். அவர் பார்த்த மெஷின் வேறு, நீ பார்க்கிற மெஷின் வேறு என்றே வைத்துக்கொள். மலையில் சொந்தமாக அசெம்பிள் பண்ணுகிற பிள்ளைகள் பலருக்கும் இதே தொல்லை இருப்பதால், உனக்குச் சொல்வதை எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

முதலில், எதையும் வாங்காதே. "ரேம் மாத்தவா, போர்டு மாத்தவா மாமா" என்று கேட்டாய். வந்து வந்து போகிற கோளாறில் இருக்கிற பெரிய ஏமாற்று இதுதான்: நீ எதைச் செய்தாலும் அடுத்த நாள் சரியானது போலத் தெரியும். மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிற கோளாறு, நீ ஒன்றுமே செய்யாவிட்டாலும், தொடர்ந்து இரண்டு நாள் வராமல் இருக்க நூற்றுக்கு 44 வாய்ப்பு உண்டு. அதற்குள் புது ரேம் வாங்கிப் போட்டிருந்தால் ரேம்தான் காரணம் என்று சத்தியமே பண்ணிவிடுவாய். ஐந்து காலை நன்றாக ஓடினாலும் 13 சதவீதம் சந்தேகம் மிச்சம். எட்டு காலை தாண்டினால்தான் அது நாலுக்குக் கீழே இறங்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதற்கு எட்டு காலை. சலிப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் போர்டு விலையைவிட இது மலிவு.

ஒரு நோட்டு எடுத்து மெஷின் பக்கத்திலேயே வை. காலையில் பட்டனைத் தொடுவதற்கு முன் அறையின் வெப்பநிலையை எழுது. எத்தனையாவது தடவை எழுந்தது, முந்தின ராத்திரி பிளக் சாக்கெட்டில் இருந்ததா, பிடுங்கியிருந்ததா, இதையெல்லாம் எழுது. உன் மதர்போர்டின் ஓரத்தில் கடுகு அளவில் நான்கு விளக்குகள் இருக்கும், பக்கத்தில் சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (தொடக்கம்) என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டனை அமுக்கும்போதே போனில் வீடியோ எடு. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் போர்டு முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு விளக்குமே எரியாமல் ஃபேன் மட்டும் சுற்றினால் அதுவும் ஒரு தகவல்தான், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது, குளிர்தான் காரணமா, ராத்திரி முழுக்க அணைந்து கிடப்பது காரணமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வருவதால் எல்லோரும் இங்கேதான் குழம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் மெஷினை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஏழெட்டு மணி நேரம் கழித்து, அறை குளிர்வதற்கு முன் போட்டுப் பார். இன்னொரு நாள் விடியலில் எலெக்ட்ரிக் ஹீட்டரை வைத்து அறையை 22 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் பொறுத்துப் போடு. ஹீட்டரைக் கேபினெட்டுக்கு நேராகத் திருப்பாதே. கரிக் கணப்பு கூடவே கூடாது, மூடிய அறையில் அது ஆளையே கொன்றுவிடும். இந்த இரண்டையும் சில முறை செய்தும் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை என்றால் குளிர்தான் எதிரி.

குளிர் என்றால் என் சந்தேகம் நேராக எஸ்எம்பிஎஸ் மேல்தான், அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி மேல்தான் போகும். எல்லாம் புதிதாக வாங்கிவிட்டு அதை மட்டும் அத்தானின் பழைய மெஷினிலிருந்து எடுத்துப் போட்டாய் அல்லவா? அதற்குள் மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கிற எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களில் ஈரம் உண்டு. வருடக்கணக்கில் சூட்டில் அது வற்றிக்கொண்டே வரும். மிச்சமிருப்பதும் குளிரில் மந்தமாகிவிடும், உள்தடை ஏறும், மின்சாரத்தின் நடுக்கத்தை அடக்கும் திறன் குறையும். எஸ்எம்பிஎஸ் எழுந்தவுடன் போர்டுக்கு வோல்டேஜ் மட்டும் போவதில்லை. எல்லா வோல்டேஜும் நிலைத்த பிறகு, 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள், 'இனி தொடங்கலாம்' என்று தனியாக ஒரு சிக்னல் போக வேண்டும். அது ஒழுங்காகப் போகாவிட்டால் போர்டு பிராசசரை எழுப்பாது, அந்த நான்கு விளக்கில் ஒன்றுமே எரியாமலும் போகலாம். ஆனால் 12 வோல்ட் வருகிறதே, ஃபேன் பாட்டுக்குச் சுற்றும். நீ அணைத்து அணைத்துப் போடுகிற அந்தச் சில நிமிடத்தில் கெப்பாசிட்டர் கொஞ்சம் சூடேறிக்கொள்கிறது, நாலாவது தடவை எழுந்துவிடுகிறது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 12 வோல்ட் சரியாக இருக்கிறது என்றாய். 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருந்தால் அளவு சரிதான். ஆனால் சாதாரண மீட்டர் சராசரியைத்தான் காட்டும், நடுக்கத்தைக் காட்டாது. அதை நம்பி எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நற்சான்றிதழ் கொடுக்காதே. பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம்.

டிரேம் விளக்கு அணையாமல் நின்றால் கதை வேறு. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வருகிற போர்டின் செட்டிங்ஸ் திரையில் போய், ரேமை அதிவேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பியை அணைத்துவிடு. ரேம் தன் சாதாரண வேகத்தில் ஓடும், உன் கேம் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். சூடாக இருக்கும்போது பிடிக்கிற அந்த அதிவேகம், குளிர்ந்த போர்டில் முதல் தடவை பிடிபடாமல் போவது உண்டு. அதிலும் தீராவிட்டால் ஒரே ஒரு ரேமை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பார். ரப்பர் வைத்துத் தேய்க்கலாமா என்று கேட்பாய். ஊரெல்லாம் செய்கிறார்கள், பலிப்பதும் உண்டு. ஆனால் தூள் ஸ்லாட்டுக்குள் போகும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பதுதான் எனக்குப் பிடித்தது. வாயால் மட்டும் ஊதாதே. பனிமூட்டத்தில் இருக்கிற ஈரம் போதாதென்று எச்சிலும் வேண்டுமா?

கோவை போய்வந்த மலைப்பாதையையும் கணக்கில் எடுத்துக்கொள். அத்தனை வளைவிலும் குலுக்கலிலும் கனமான கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், பழைய கோளாறுடன் புதுக் கோளாறு ஒன்று சேர்ந்துவிடும். எல்லாக் கனெக்டரையும், குறிப்பாகப் பிராசசர் பக்கத்து எட்டு பின் கனெக்டரை, 'கிளிக்' சத்தம் கேட்கிற வரை அழுத்திவிடு.

அப்புறம் அக்காவின் பழக்கம். இடி மின்னலுக்குப் பயந்து ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிடுகிறாள். நம் ஊருக்கு அது நல்ல பழக்கம், தடுக்காதே. ஆனால் பிடுங்கிய நேரத்தில் பயாஸ் நினைவு போர்டில் இருக்கிற நாணய அளவு சிமாஸ் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. காலையில் பயாஸ் கடிகாரம் தப்பாகக் காட்டினால் பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம். மூன்று வோல்ட் பேட்டரி, 2032 என்று கேட்டால் பேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கும்.

நோட்டை எழுத ஆரம்பி. ஹீட்டர் சோதனை முடிந்ததும் சொல், என்னிடம் சும்மா கிடக்கிற 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைக் கொடுத்தனுப்புகிறேன். அதன் கேபிள்களையே போடு, பழையதன் மாடுலர் (கழற்றி மாட்டுகிற) கேபிளை இதில் செருகிவிடாதே, பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போர்டு புகைந்துவிடும். எட்டு காலை ஓட்டிப் பார். அதில் தீர்ந்தால் புதிது வாங்கித் தரச் சொல்லி அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதுவரை புது கிராஃபிக்ஸ் கார்டு பற்றி வீட்டில் பேச்செடுக்காதே.

அன்புடன்,
மாமா
குன்னூர்