சார்செல் அத்தைக்கும் மற்றவர்களுக்கும்

என் பெயர் போட்ட முதல் கரண்ட் பில் போன வாரம் வந்தது. பாரிசுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. கடலூரில் இருந்தவரை கரண்ட் பில்லைக் கட்டியதும் மறந்துவிடுவேன். இங்கே கரண்ட் பில்தான் முகவரிக்கு அத்தாட்சி. அத்தாட்சி இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது. கணக்கு இல்லாமல் சம்பளம் போட மாட்டார்கள். சம்பளச் சீட்டு இல்லாமல் வீடு தர மாட்டார்கள். வீடே இல்லாதவளுக்கு முகவரி எங்கிருந்து வரும்?

அந்த முடிச்சை அவிழ்த்தவர் சார்செல் அத்தை. அத்தை என்று கூப்பிடுகிறேனே தவிர, உறவு எதுவும் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் அப்பாவோடு வேலை பார்த்தவருடைய சம்பந்தி வீட்டுப் பெண். புதுச்சேரி முதலியார்பேட்டையில் பிறந்தவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். கல்யாணமானதிலிருந்து பாரிசுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறார். இரண்டு முறை போனில் பேசியிருந்தேன், அவ்வளவுதான்.

நான் போய் இறங்கிய மறுநாளே, "இந்தப் பெண் என் வீட்டில் தங்கியிருக்கிறாள்" என்று பிரெஞ்சில் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் அடையாள அட்டை நகலையும் கரண்ட் பில்லையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார். அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான் என்று அதற்குப் பெயர். பொய்யாக எழுதித் தந்தால் தண்டனை உண்டு என்பதால், நன்றாகத் தெரிந்தவர்களே தயங்குவார்கள். முகம் பார்த்து ஒரு நாள்கூட ஆகாத எனக்கு அத்தை தயங்காமல் எழுதித் தந்தார். மூன்று மாதம் மகனுடைய அறையில் தங்க வைத்தார். வாடகைப் பேச்சை எடுத்தாலே மாமா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

வீடு தேடும்போது, வாடகையைப்போல் 3 மடங்கு சம்பளமும் ஜாமீனுக்கு ஒரு ஆளும் கேட்டார்கள். 30 வயது வரை உள்ளவர்களுக்கு விசால் என்ற இலவச வாடகை உத்தரவாதம் இருக்கிறது என்று சொன்னது அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். சாப்பாட்டு நேரத்தில் கூடவே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பியும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர்கள் திரும்பவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் கூப்பிட்டதும் பேச முடிந்ததற்குப் புதுச்சேரி டீச்சர்தான் காரணம். சனிக்கிழமைதோறும் கடலூரிலிருந்து பஸ் பிடித்து அவரிடம் பிரெஞ்சு படிக்கப் போவேன். 70 என்பது அறுபதும் பத்தும், 80 என்பது நாலு இருபது, 90 என்பது நாலு இருபதும் பத்தும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். இங்கே போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகத்தான் சொல்கிறார்கள். டீச்சர், ஒரு நம்பரைக்கூட நான் தப்பாக எழுதவில்லை.

தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது? என் பிறப்புச் சான்றிதழில் "பெண்" என்று மட்டும்தான் இருந்தது, பெயர் இல்லை. பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுவதால் நம்மூரில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். இங்கே மருத்துவக் காப்பீட்டு எண் வாங்க அந்தச் சான்றிதழ் வேண்டும். பெயரைச் சேர்த்து, வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அப்போஸ்டில் முத்திரைக்காகச் சென்னைக்கு இரண்டு முறை அலைந்து, அடைமழையில் நனையாமல் அதைக் கொண்டுவந்து சேர்த்தான். கிளம்பும் அவசரத்தில் அவனிடம் ஒரு வார்த்தை சரியாகச் சொல்லவில்லை. இப்போது எல்லாரும் பார்க்கச் சொல்கிறேன்: நன்றிடா.

அம்மா உருட்டிக் காயவைத்துக் கொடுத்த தாளிப்பு வடகத்தில் பாதிதான் மீதி இருக்கிறது. இங்கே ஒரு கடையில் வதுவான் என்று பொடி விற்கிறார்கள். எடுத்து முகர்ந்து பார்த்தேன், நம்ம வடகம்தான்! கடையிலேயே கண் கலங்கிவிட்டது.

அத்தை, போன ஞாயிறு மீன் குழம்பு கொடுத்தனுப்பிய தூக்கு என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பார் அம்மா. மீதி வடகத்தை அதில் போட்டு இந்த ஞாயிறு எடுத்து வருகிறேன். மாமாவை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.