அவர் ராத்திரி எப்படித் தூங்குவார் என்று கேளுங்கள்

பெறுநர்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்கள், நரம்பியல், சமூக மருத்துவத் துறைப் பேராசிரியர்கள்.

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். பக்கவாதத்தோடும் மறதி நோயோடும் உங்களிடம் வரும் டெல்டாக்காரர்களின் தூக்கத்தை விசாரியுங்கள், எழுதி வையுங்கள், அதை ஓர் ஆய்வாகவே செய்யுங்கள். சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, பீடி உண்டா, குடி உண்டா என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். வீடு வீடாக நான் வாங்கிப் பார்த்த சீட்டுகளில் தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இருந்ததில்லை.

எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் ஒருவர். ஐம்பது வயது ஆகவில்லை. தடித்த கழுத்து, குட்டையான ஆள். பிரஷருக்கு மூன்று விதமான மாத்திரை. மூன்றையும் தவறாமல் போடுவார், காலி அட்டையை எண்ணிப் பார்த்தவள் நான். அப்படியும் மேல் அளவு 160-க்குக் கீழே இறங்காது. ஒரு நாள் விடியற்காலை எழுந்தவருக்கு வலது கை வரவில்லை, வாய் கோணியிருந்தது. பிறகு ஒரு சமயம் அவர் மனைவி திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இது:

"இவரு கொறட்டைக்குத் தெருவே எந்திரிச்சிக்கும் நர்ஸம்மா. அதுகூடப் பரவால்ல. நடுவுல பொட்டுன்னு நின்னுடும். மூச்சே இருக்காது. பயந்துபோயி முழங்கையால ஒரு இடி இடிப்பேன். ஹக்குன்னு ஒரு இழுப்பு இழுத்துட்டுப் பொரண்டு படுப்பாரு. இத்தினி வருசமா ராத்திரியில எனக்கு இதான் வேலை."

டாக்டரிடம் சொன்னாயா என்றேன். "யாரும் கேக்கலியே" என்றாள்.

அவளுக்கு வாய்த்த அந்த வேலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. குறைந்தது 10 விநாடி காற்று போகாமல் நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கு வைக்கிறார்கள். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்த்து மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் தூக்க மூச்சடைப்பு. 30-ஐத் தாண்டினால் கடுமையான நோய். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, உடம்பு திடுக்கிட்டு விழிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ராத்திரி இறங்கி ஓய்வெடுக்க வேண்டிய பிரஷர் ராத்திரி முழுக்க எகிறிக் குதித்தால் பகலில் போடும் மூன்று மாத்திரை என்ன செய்யும்? இதயத் துடிப்பு தாறுமாறாகி ரத்தக் கட்டி மூளைக்குப் போகிற வழியும் இதில் உண்டு.

இது புதிய சங்கதியும் இல்லை. 2005-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு 1,022 பேரைத் தொடர்ந்து பார்த்து நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியது: வயது, பிரஷர், சர்க்கரை, உடல் எடை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், மூச்சடைப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதமோ மரணமோ வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களைச் சோதித்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த மூச்சடைப்பு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது உங்கள் வார்டில் இன்றைக்குப் படுத்திருப்பவர்களில் பலருக்கு இருக்கும். அங்கேயே இரவுதோறும் குறட்டை விட்டு, நின்று, இழுத்துக்கொண்டிருப்பார்கள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ அது தெரியும்.

பக்கவாதங்களில் ஐந்தில் ஒன்று தூங்கி எழும்போதுதான் தெரிய வருகிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, பக்கவாதம் தாக்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. ராத்திரி ஒன்பது மணிக்கு நன்றாகப் படுத்தவர் ஐந்து மணிக்குக் கை விழுந்து எழுந்தால் கெடுவை ஒன்பதிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது. எங்கள் மூட்டைக்காரருக்கு ஆனதும் அதுதான்.

மறதி நோய்க்கு வருகிறேன். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. தூக்கத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2021-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. 7,959 பேரை 25 வருடம் தொடர்ந்தார்கள். 50, 60, 70 என்று மூன்று வயதிலும் தொடர்ந்து குறைவாகத் தூங்கியவர்களுக்கு, தொடர்ந்து ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல். அருமையான வேலை, குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் லண்டனில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். மேசை உத்தியோகம், மாதச் சம்பளம், தலைக்கு மேல் கூரை.

எங்கள் ஆட்கள் தூங்குவது எப்படி என்று பாருங்கள். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17-க்கு இறங்கவில்லை, சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று நாள்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். படுதாவின் ஓரத்திலேயே படுக்கை. மழை தூறினால் எழுந்து மூட வேண்டும், மாடு வந்தால் விரட்ட வேண்டும். பனி இறங்கும், கொசு பிடுங்கும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் மடை பார்க்க நடு ராத்திரியில் டார்ச் லைட்டோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். ரைஸ் மில்லில் ராத்திரி ஷிப்ட். வேதாரண்யம் உப்பளத்துக்கு வெயில் ஏறுவதற்குள் முடிக்கவென்று இருட்டிலேயே கிளம்புவார்கள். நாகப்பட்டினத்து விசைப்படகில் போகிறவர்கள் தளத்திலேயே முறை போட்டுத் தூங்குவார்கள். நடவுக்குப் போகும் பெண் நாலு மணிக்கு எழுந்து உலை வைத்தால்தான் எட்டு மணிக்குள் சேற்றில் இறங்க முடியும். படுக்கப் போகிறபோது வீட்டில் கடைசி ஆள் அவள்தான். இந்தத் தூக்கத்தை இருபது வருடம் தூங்கினால் மூளை என்னவாகும்? லண்டன் கணக்கை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மூன்று மருத்துவக் கல்லூரிகள் இந்தக் காவிரித் தண்ணீர் பாயும் மண்ணிலேயே இருக்கின்றன. நீங்கள் செய்யாமல் யார் செய்வார்கள்?

இதில் இன்னும் முடிவாகாத விஷயங்கள் நிறைய என்பதும் எனக்குத் தெரியும். (மருமகள் நரம்பியல் வார்டில் செவிலியர். கட்டுரைகளை இறக்கித் தருவாள், ஓய்வுக்குப் பிறகு எனக்கு அதுதான் பொழுதுபோக்கு.) தூக்கம் கெடுவதால் மறதி வருகிறதா, அல்லது வெளியே தெரியாமல் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்ட நோய்தான் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்ற வழக்கு தீரவில்லை. தூங்கும்போது மூளை தன் கழிவை அலசிவிடுகிறது என்று 2013-இல் எலிகளை வைத்துச் சொன்னார்கள். செல்களுக்கு நடுவே இடைவெளி 60 சதவீதம் விரிவதாகக் கண்டார்கள். 2024-இல் இன்னொரு குழு, அதுவும் எலிகளை வைத்தே, தூக்கத்தில் அந்த அலசல் குறைகிறது என்றது. மறதி நோயைத் தடுக்கக் கைவைக்கக்கூடிய 14 காரணங்களை 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு பட்டியலிட்டபோது தூக்கத்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. மூச்சடைப்புக்கு ராத்திரி முகத்தில் மாட்டும் காற்றழுத்தக் கருவியை 2,700-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த 2016 ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அதில் சராசரியாக ஒருவர் கருவியை மாட்டியிருந்தது ராத்திரிக்கு மூன்றேகால் மணி நேரம்தான்! அரை வயிற்றுக் கஞ்சி குடித்தவனிடம் பசி ஆறியதா என்று கேட்ட கதை. வேர்வையில் ஊறும் சித்திரை மாதத்தில், கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், அந்த முகமூடியை எங்கள் ஆட்கள் எத்தனை மணி நேரம் மாட்டுவார்கள் என்பதே தனி ஆய்வுக்கு உரிய கேள்வி. முடிவாகவில்லை என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். முடிவாகியிருந்தால் சுகாதாரத் துறைக்கு எழுதியிருப்பேன்.

வழக்கே இல்லாத ஒன்றும் இருக்கிறது. கனவு காணும்போது நம் கைகால்கள் கட்டிப்போட்டதுபோல் அசையாமல் இருக்க வேண்டும். சிலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். தூக்கத்தில் கத்துவார்கள், உதைப்பார்கள், பக்கத்தில் படுத்திருப்பவரை அறைவார்கள். 2019-இல் 24 மையங்களைச் சேர்ந்த 1,280 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இப்படிப்பட்டவர்களில் 12 வருடத்துக்குள் நாலில் மூன்று பேருக்கு நடுக்குவாதமோ அந்த வகை மறதி நோயோ வரும் என்று கணக்கிட்டார்கள். எங்கள் ஊரில் இப்படி ஒரு பெரியவரை, காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய்த் தங்க வைத்தார்கள். போகட்டும், சாமி கும்பிடுவதில் குற்றமில்லை. திரும்பி வந்த பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர் பார்த்து, இவரை வருடத்துக்கு ஒரு முறை அழைத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தால் குடும்பம் தயாராகவாவது இருந்திருக்கும்.

பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் குறட்டை விட்டால் ஊருக்கே தெரியும். பெண்ணின் குறட்டைக்குச் சாட்சி கிடையாது. அவர் வாசலில் கயிற்றுக் கட்டிலில், அவள் உள்ளே பேரப்பிள்ளைகளோடு. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் மூச்சடைப்பு கூடுகிறது. 2011-இல் வயதான பெண்கள் 298 பேரை மட்டும் வைத்து அமெரிக்காவில் பார்த்தபோது, மூச்சடைப்பு இருந்தவர்களில் 45 சதவீதம் பேருக்கும் இல்லாதவர்களில் 31 சதவீதம் பேருக்கும் ஐந்து வருடத்துக்குள் அறிவுத் தடுமாற்றமோ மறதி நோயோ வந்தது. ஆகவே மனைவியைக் கேட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். காலையில் தலைவலியோடு எழுகிறாயா, பகலில் உட்கார்ந்தால் கண் சொருகுகிறதா என்று அவளைப் பற்றியும் கேளுங்கள்.

செலவு பெரிதாக ஆகாது. பக்கவாதக் கேஸ் தாளில் தூக்கத்துக்கு நாலு கேள்வி: குறட்டை, மூச்சு நிற்பது, பகல் தூக்கம், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுவது. கழுத்தைச் சுற்றி ஒரு டேப். 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் குறித்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்சிஜன் கருவி, அது ராத்திரி முழுக்கப் பதிவு செய்யும் வகையிலும் கிடைக்கிறது; வார்டுக்குச் சில வாங்கினால் போதும், பெரிய தூக்க ஆய்வகம் பிறகு வரட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போய் பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்காரர்களின் பட்டியலை அவர்களிடம் வாங்கி, ஆய்வை அங்கிருந்து தொடங்கலாம். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களை இன்றைக்குப் பதிந்து வைத்தால், இருபது வருடம் கழித்து உங்கள் மாணவர்கள் டெல்டாவின் கணக்கைச் சொல்வார்கள்.

தூக்க மாத்திரையையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அல்பிரசோலத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கி வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூச்சடைப்பு உள்ளவர் அதைப் போட்டுக்கொண்டால், அதன் மேல் ஒரு குவார்ட்டரும் சேர்ந்தால், திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும் அந்த ஒரு காவலும் மந்தமாகிவிடும்.

களப்பணிக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்கள் வட்டத்துக்கு வட்டம் இருக்கிறோம். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று எங்களுக்குத் தெரியும், பஸ் செலவு கொடுத்தால் போதும். சம்பா அறுவடைக்கு முன்பே ஒப்புதல் வாங்கித் தொடங்கிவிட்டால், கொள்முதல் நிலையத்து வாசலில் ஆட்கள் படுத்திருக்கும் தை, மாசி இரவுகளும் முதல் வருடக் கணக்கிலேயே வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருத்தி,
நீடாமங்கலம் வட்டம்.