கள்ளுக்கடையையும் பாட்டையும் முடிச்சுப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இந்தப் பகுதியில் பல்லடத்து வாசகர் ஒருவர் எழுதியதைப் படித்தேன். கள்ளுக்கடைகளை மூடியதால்தான் கொங்கு நாட்டுப் பாட்டு செத்துப்போயிற்றாம். ஸ்காட்லாந்தில் மதுக்கடையில்தான் பழைய பாட்டு உயிரோடு இருக்கிறதாம். இங்கும் கடையைத் திறந்தால் பாட்டு தானாக வந்துவிடுமாம். கள் வேண்டுமா வேண்டாமா என்பதில் நான் தலையிடவில்லை. அது மரமேறிகளும் தென்னை வைத்திருப்பவர்களும் பேச வேண்டிய விஷயம், அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. ஆனால் ஸ்காட்லாந்தைச் சாட்சிக்கு இழுத்தாரே, அந்தச் சாட்சி அவர் பக்கம் பேசாது.

மகளின் பிரசவத்துக்காக ஒரு குளிர்காலம் முழுக்க நான் எடின்பரோவில் இருந்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர். ஒருநாள் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "அத்தை, பாட்டுக் கேக்கப் போலாமுங்களா? ஆனா அது ஒரு மாதிரி கடைங்க" என்றார். சொந்தத்தில் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்ற பேச்சோடு கிளம்பினோம். (இப்போது நானே பத்திரிகையில் எழுதுகிறேன், மாப்பிள்ளை மன்னிக்க வேண்டும்.) போன இடம் ஃபாரஸ்ட் ரோட்டில் இருக்கும் சாண்டி பெல்ஸ். நாட்டார் பாட்டுக்குப் பேர்போன கடை. பல்லடத்துக்காரர் மனதில் வைத்து எழுதியதும் இப்படியொரு கடையைத்தான் என்று நினைக்கிறேன்.

சின்ன இடம். மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. சுவரோரம் ஒரு மேசையைச் சுற்றிப் பிடில், தகரக் குழல், கைக்குள் அடங்கும் துருத்திப் பெட்டி என்று ஆறேழு பேர். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு ஒருவருக்கொருவர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தோளில் பிடில் பெட்டியோடு ஒரு பெண் வந்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள், இரண்டு மெட்டு சும்மா கேட்டாள், மூன்றாவதில் சேர்ந்துகொண்டாள். யாரும் வரவேற்கவும் இல்லை, அறிமுகம் செய்யவும் இல்லை. பிறகு ஒரு பெரியவர் முன்னறிவிப்பே இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். கல்லாவில் நின்ற பெண் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினாள். பல்லவி வந்தபோது அவளும் பாடினாள், கடையே பாடியது. பெரியவர் முன்னால் இருந்த பீர் நுரை அடங்கி அப்படியே கிடந்தது, பாட்டு முடியும்வரை அவர் அதைத் தொடவில்லை. நான் குடித்தது ஆரஞ்சு ஜூஸ். யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை.

திரும்பி நடந்து வந்த வழியில் இன்னும் பல கடைகள். உள்ளே பெரிய டிவி, கால்பந்து, கூச்சல். அங்கேயும் அதே பீர்தான், அதே விஸ்கிதான். பாட்டு மட்டும் இல்லை. பாட்டு வருவது குடியால் என்றால் அந்தத் தெரு முழுக்க அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

அந்தப் பெரியவர் பாடியதன் அர்த்தத்தை மாப்பிள்ளையோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் அபர்டீன் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்களுக்குச் சொன்னாள். சந்தையில் ஆள் பிடிக்க வந்த பண்ணைக்காரர், "இந்தச் சீமையிலேயே நல்ல குதிரைச் சோடி உனக்கு" என்று ஆசை காட்டுகிறார். போய்ப் பார்த்தால் இரண்டும் எலும்பும் தோலும். வடகிழக்கு ஸ்காட்லாந்தில் கல்யாணமாகாத உழவாட்களை ஆறு மாதத்துக்குப் பேசி அமர்த்துவார்களாம். தங்குவதற்குப் பண்ணையிலேயே 'பாத்தி' என்று ஒரு கொட்டகை. ராத்திரி அங்கே உட்கார்ந்து கட்டிய பாட்டுகள்தான் இவை. எந்தப் பண்ணையில் கஞ்சி தண்ணியாக இருக்கும், எந்த முதலாளி விடிவதற்கு முன்பே எழுப்புவான் என்று பண்ணையின் பேரைச் சொல்லியே பாடுவார்கள். அடுத்து வேலைக்குப் போகிறவனுக்கு அது எச்சரிக்கை. எங்கள் பக்கமும் வருசத்துக்கு ஆள் பேசி வைத்த காலம் உண்டு. கவலை (மாடு கட்டிக் கிணற்று நீர் இறைப்பது) ஓட்டிக்கொண்டே முதலாளியை மறைமுகமாக வாரும் பாட்டை எங்கள் அப்பிச்சியே (அம்மாவின் அப்பா) தோட்டத்துச் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு கேட்பாராம். அமுச்சி சொல்லியிருக்கிறார்.

மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகளில் இன்னொரு வகை. நெய்த கம்பளித் துணியை இறுக்குவதற்குப் பெண்கள் நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, நனைந்த துணியைப் பலகையில் தாளம் தப்பாமல் அடிப்பார்கள். துணி நனைக்கப் பயன்படுத்தியது நாள்பட்ட மூத்திரம், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பாடுவது கேலிக் என்ற அவர்களுடைய பழைய மொழியில். நம் கும்மியில் ஒருத்தி பாடி மற்றவர் வாங்கிப் பாடுவதும் இந்த முறைதான். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் மதுவும் கிடையாது, ஆணும் கிடையாது.

ஆக, அந்த நாட்டுப் பாட்டில் பெரும்பகுதி பிறந்தது பண்ணைக் கொட்டகையிலும் துணிப் பலகையிலும் வீட்டு அடுப்படியிலும். அந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகு, 1950, 60களில் பழம் பாட்டின் மேல் இளைஞர்களுக்கு மறுபடி ஆசை வந்தபோது, மதுக்கடை ஒண்ட இடம் கொடுத்தது. அதுவும் எப்படிப்பட்ட மதுக்கடை? 1976 சட்டம் வரும்வரை ராத்திரி பத்து மணிக்கெல்லாம் பூட்டியாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திறக்கவே கூடாது. பெண்கள் உள்ளே போவதே அபூர்வம். குடியால் அழுத குடும்பங்கள் அங்கேயும் ஏராளம். 2018இல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை என்று சட்டம் போட்டு, ஒரு யூனிட் (மதுவில் இருக்கும் ஆல்கஹாலை அளக்கும் கணக்கு) 50 பென்சுக்குக் கீழே விற்கக் கூடாது என்றார்கள். 2024இல் அதை 65 பென்சாக ஏற்றினார்கள். தன் மதுக்கடையைப் பற்றி அந்த அரசுக்கே அவ்வளவு கவலை இருக்கும்போது நாம் போய் அதற்கு ஆரத்தி எடுக்க வேண்டியதில்லை.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸைச் சொல்லாமல் ஸ்காட்லாந்துப் பாட்டைப் பேச முடியாது. குடியைக் கொண்டாடிப் பாடிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1789 முதல் அவர் சம்பளம் வாங்கியது மதுவுக்கு வரி வசூலிக்கும் கலால் வேலையில்! 37 வயதில் இறந்துபோன அந்த மனிதர், ஊர் ஊராகக் கேட்ட பழைய மெட்டுகளைச் சேர்த்து, குறை அடிகளை நிரப்பி, ஜேம்ஸ் ஜான்சன் போட்ட ஆறு தொகுதிப் பாட்டுப் புத்தகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். காசு வாங்கவில்லை. டிசம்பர் 31 நள்ளிரவில் உலகமே கைகோத்துப் பாடுகிறதே 'ஆல்ட் லாங் சைன்', அந்தப் பாட்டைக்கூட ஒரு கிழவர் பாடக் கேட்டு எழுதியதாகத்தான் அவர் சொன்னார். அது அச்சில் வந்த 1796ஆம் வருடத்திலேயே அவர் காலமாகிவிட்டார்.

இனி நம் கதைக்கு வருகிறேன். ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது 1937இல், நம் சேலம் மாவட்டத்தில். 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971 வரை சட்டப்படி கள்ளுக்கடை கிடையாது. பல்லடத்துக்காரர் கணக்குப்படி அந்த இருபத்துச் சொச்ச வருடத்தில் பாட்டு செத்திருக்க வேண்டும். ஆனால் 1960களில்தான் பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் எங்கள் காங்கயத்துக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, உடுக்கடித்துப் பாடிய அண்ணன்மார் கதையை நாள்கணக்கில் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழும் கட்டத்துக்கு ஊரே அழுத காலம் அது. நோம்பிக்கு நோம்பி (கோயில் திருவிழா) கும்மி. கல்யாணத்தில் குடிமகன் (முடிதிருத்துபவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) நின்று பாடும் மங்கல வாழ்த்துக்கு வாயைத் திறக்காமல் நின்ற சபை. எல்லாம் மதுவிலக்குக் காலத்தில்.

பாட்டை ஓட்டியது வேறு. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்தது, கவலையோடு கவலைப் பாட்டும் போனது. அதற்காக மோட்டார் வேண்டாம் என்று நான் சொல்வேனா? மாட்டுக்கும் ஆளுக்கும் இடுப்பு ஒடிகிற வேலை அது. களத்துமேடு மனையாகிவிட்டது, கல்யாணம் வீட்டிலிருந்து மண்டபத்துக்குப் போய்விட்டது. மங்கல வாழ்த்தில் பத்து வரி தாண்டுவதற்குள் வீடியோக்காரர் "சுருக்குனு முடிங்க" என்கிறார். பாட்டு இருந்த இடமெல்லாம் போயிற்று. அது வந்து ஒண்ட நாம் ஒரு இடமும் வைக்கவில்லை. இன்றைய மதுக்கூடத்தில் பிளாஸ்டிக் டம்ளரோடு நின்றபடி குடிக்கிறவரைப் பாடச் சொன்னால் எது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

வள்ளி கும்மி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எனக்குச் சந்தோஷம்தான். கோவை மாவட்டத்து பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் மட்டும் ஆடிய ஆட்டத்துக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் இப்போது நடக்கிற அரங்கேற்றங்கள் பலவற்றில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நிறச் சீலையில் ஆட, பாடுவது மைக் வைத்த ஒருவர். மற்றவர்கள் வாய் அசைவதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தாலும் பரவாயில்லை: ஊரில் ஒரு தெருக்காரர் மட்டும் வட்டத்துக்குள் நிற்க, மற்றத் தெருக்காரர் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

இதில்தான் ஸ்காட்லாந்திடம் படிக்க வேண்டியது இருக்கிறது. 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காறுகளுக்கென்று ஒரு ஆய்வுப் பள்ளி தொடங்கினார்கள். அதில் இருந்த ஹேமிஷ் ஹெண்டர்சன் (சாண்டி பெல்ஸுக்குத் தினப்படி வாடிக்கையாளர், அதையும் சொல்லிவிடுகிறேன்) ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது கனவான் வீடுகளுக்கு அல்ல. ஊருக்கு வெளியே கூடாரம் போட்டுத் திரிந்த நாடோடிக் குடும்பங்களிடம் போனார். பிளேர்கவுரியில் ராஸ்பெரி பறிக்க வந்து தங்கியவர்களின் கணப்பருகே உட்கார்ந்து பதிவு செய்தார். 1953இல் அபர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற நாடோடிக் குலத்துப் பெண்ணை அவர் வீட்டிலேயே கண்டுபிடித்தார். தாயிடம் கேட்டுப் படித்த நீண்ட கதைப்பாட்டுகள் அந்த அம்மாவிடம் அத்தனை இருந்தன. தெருவில் ஏளனமாகப் பார்க்கப்பட்ட அந்த இனத்துப் பெண்ணுக்கு 1968இல் அரசி விருது கொடுத்தார். அந்தப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் 2010 முதல் இணையத்தில் இருக்கின்றன. பாடியவர் பேர், ஊர், வருடம் எல்லாம் போட்டிருக்கிறார்கள், கேட்கக் காசு இல்லை. காங்கயத்தில் மதியம் சாப்பிட்டுவிட்டு நான் கேட்கிறேன். நம் பக்கத்து ஒப்பாரிக்காரப் பெண்களின் குரலை எங்கே போய்க் கேட்பது?

அன்று அந்தக் கடையில் என்னையும் பாடச் சொன்னார்கள். மாரியம்மன் நோம்பிக் கும்மியில் முதல் இரண்டு அடி நாக்கு நுனியில் நின்றது, மூன்றாவது வரவில்லை. தலையாட்டி மறுத்துவிட்டேன், அவர்களும் வற்புறுத்தவில்லை. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஒன்றுவிட்ட சித்தியிடம் போய் முழுதும் எழுதிக்கொண்டேன்.

ஆகையால் என் கோரிக்கை உங்களிடம்தான், ஐயா. நியூ டீர் என்ற ஊரில் கேவின் கிரேக் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார். 1907 முதல் 1911 வரை 'பக்கன் அப்சர்வர்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் நாட்டார் பாட்டு பற்றித் தொடர் எழுதினார். உங்களுக்குத் தெரிந்ததை அனுப்புங்கள் என்று வாசகர்களைக் கேட்டார். அனுப்பினார்கள். ஜேம்ஸ் டங்கன் என்ற பாதிரியாரும் அவரும் சேர்த்தது 3,000 பாட்டுக்கு மேல். அது எட்டுத் தொகுதியாக அச்சாகி முடிந்தது 2002இல்தான், இருவரும் கண்மூடி எத்தனையோ காலத்துக்குப் பிறகு. நீங்களும் ஞாயிறு இதழில் கால் பக்கம் ஒதுக்கக் கூடாதா? பாட்டு, பாடியவர் பேர், ஊர், யாரிடம் கற்றார் என்பது, இவ்வளவு போதும். எல்லாத் தெருவிலிருந்தும் வரட்டும். முதல் பாட்டாகச் சித்தி சொன்ன கும்மியை இத்துடன் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஏழாவது அடியில் ஒரு சொல் சித்திக்கே உறுதியில்லை, அந்த இடத்தைக் கோடிட்டு விட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதினால் நிரப்பிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
காங்கயம்