கேடேயின் வாழ்க்கையை 1848-ல் முடித்துவிடாதீர்கள்

மேற்கத்திய இசை பற்றித் தமிழில் எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைத் தேடிப்பிடித்துப் படிப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரு குறை நெடுநாளாக உறுத்துகிறது. டென்மார்க்கின் இசையமைப்பாளர் நீல்ஸ் கேடேயின் பெயர் வந்தால், ‘ஜெர்மனியின் மெண்டல்சனுடைய சீடர், நார்வேயின் கிரீக்குக்கு முன்னோடி’ என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறீர்கள். சற்று விரிவாக எழுதுபவர்களும் 1848-ல் அவரை ஜெர்மனியிலிருந்து ஊருக்கு அனுப்பிவைத்துவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் 42 ஆண்டுகள் வாழ்ந்தார், ஐயா!

முதல் பாதி சுவையானதுதான், மறுக்கவில்லை. கோபன்ஹேகனில் இசைக்கருவி செய்பவரின் மகனாக 1817-ல் பிறந்தவர். அவருடைய முதல் சிம்பொனியை ஏற்று நடத்த உள்ளூர் இசைச் சங்கம் முன்வரவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த மெண்டல்சனுக்கு அனுப்பினார்; 1843 மார்ச்சில் மெண்டல்சனே அதை நடத்தினார். கேடேயும் லைப்சிக் போய்ச் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் மெண்டல்சனின் வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) அங்கே அரங்கேறியபோது, இசைக்குழுவை நடத்தியவர் கேடே. வயலினின் நான்கு தந்திகளான ஜி, டி, ஏ, இ ஆகியவற்றுக்குள் அவர் பெயர் ஒளிந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்த ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமன், அந்தச் சுரங்களிலேயே தொடங்கும் ஒரு சிறு பியானோ பாடலை எழுதிவைத்தார். 1847-ல் மெண்டல்சன் மறைந்ததும் லைப்சிக்கின் கெவண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் தலைமை கேடேயிடம் வந்தது. மறு ஆண்டே ஷ்லெஸ்விக் போர் மூண்டது. டென்மார்க்கும் பிரஷ்யாவும் மோதிக்கொண்டிருக்கையில் ஒரு டேனியர் அங்கே எப்படி இருப்பது? ஊர் திரும்பினார்.

இந்தத் திரும்புதலை நீங்கள் ஒரு சறுக்கலாக எழுதுகிறீர்கள். அங்கேதான் எனக்கு வழக்கு. ஒரு காலத்தில் கையை விரித்த அதே இசைச் சங்கத்தை 1850 முதல் இறக்கும்வரை நடத்தியவர் அவர். நிலையான இசைக்குழுவையும் பாடகர் குழுவையும் அதற்கு உருவாக்கித் தந்தார். ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ இசையை 1875-ல் கோபன்ஹேகனுக்குக் கேட்கக் கொடுத்தார். 1867-ல் தொடங்கிய இசைக் கல்லூரியின் இயக்குநர்களில் ஒருவர். 1884-ல் அங்கே சேர்ந்த மாணவர்களில், பின்னாளில் டென்மார்க்கின் பெரிய இசையமைப்பாளரான கார்ல் நீல்சனும் உண்டு. உடன் இயக்குநராக இருந்தவர் கேடேயின் மாமனார், இசையமைப்பாளர் ஹார்ட்மன். பகலில் அரசு உத்தியோகம், ஞாயிறு தேவாலய ஆர்கன் என்று 94 வயதுவரை வாழ்ந்த அவருக்குத் தனி மடலே எழுத வேண்டும்.

ஹார்ட்மனின் மகள் சோஃபியை மணந்தபோது, 1852-ல், கேடே அவளுக்குக் கொடுத்த பரிசு ஒரு சிம்பொனி. ஐந்தாவது. இசைக்குழுவின் நடுவே ஒரு பியானோ, தனி ஆவர்த்தனம் எதுவும் கேட்காமல், மற்ற கருவிகளோடு கலந்து பேசிக்கொண்டே போகும். மூன்றே ஆண்டுகளில் சோஃபி பிரசவத்தில் இறந்துபோனாள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1854-ல், நடன அமைப்பாளர் போர்னோன்வில்லின் பாலே நடன நாடகம் ஒன்றுக்கு ஹார்ட்மனும் கேடேயும் சேர்ந்து இசையமைத்திருந்தார்கள். அதில் வரும் திருமண வால்ட்ஸ் கேடேயுடையது. டென்மார்க்கில் இன்றும் கல்யாணங்களில், நள்ளிரவுக்கு முன் மணமக்கள் அதற்கு ஆடியாக வேண்டும். விருந்தினர் சுற்றி நின்று கைதட்டியபடியே வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு வருவார்கள். கடைசியில் இருவரும் அசையவும் இடமிருக்காது. பிறகு மாப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்து அவர் காலுறையின் நுனியைக் கத்தரித்துவிடுவார்கள். எந்த இசை விமர்சகரின் தயவும் இல்லாமல் ஒரு மெட்டு இப்படி ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டியிருக்கிறது.

நீங்கள் தொடாத இன்னொரு கேடே, ஆர்கன் வாசித்தவர். 1858 முதல் 1890 வரை, 32 ஆண்டுகள், கோபன்ஹேகனின் ஹோல்மன்ஸ் தேவாலயத்தில். அது கடற்படையின் கோயில்; நங்கூரம் அடித்த பட்டறையைத்தான் 1619-ல் தேவாலயமாக மாற்றினார்கள். ஐரோப்பாவே அறிந்த ஒருவர் வாரந்தோறும் அங்கே சபையாரின் பாட்டுக்குத் துணை வாசித்திருக்கிறார்.

பிற்காலச் சிம்பொனிகள் வழவழப்பானவை என்ற உங்கள் புகாரில் நியாயம் இருக்கிறது. எனக்கும் ஏழாவது அலுப்பூட்டும். எட்டாவதை 1871-ல் முடித்தபின் அவரும் அந்தப் பக்கம் போகவில்லை. அதை எழுதுங்கள், தாராளமாக. கூடவே, ஓப்பஸ் (படைப்பு எண்) 22-ல் உள்ள மூன்று ஆர்கன் துண்டுகளையும் ஐந்தாவது சிம்பொனியையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். படிக்க நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்