கான்னரியின் கையில் இருந்தது எங்கே?

ஜேம்ஸ்பாண்ட் படங்களின் இன்றைய பொறுப்பாளர்களான அமேசான் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிளெக்ஸ் போர்டு டிசைன் செய்கிறவன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் எங்கள் ஊர் முச்சந்திக்குப் போகும். இருபது வருடமாக அடுத்தவர் போட்டோவில் இருப்பதை எடுப்பதும் இல்லாததை வைப்பதும்தான் பிழைப்பு. அதனால் 2025 அக்டோபரில் பிரைம் வீடியோவில் பாண்ட் படங்களின் முகப்புப் படங்களுக்குச் செய்யப்பட்ட காரியத்தைப் பற்றிப் பேச எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, ரசிகன். இன்னொன்று, தொழில்காரன். உள்ளதைச் சொன்னால் தொழில்காரனுக்குத்தான் வலி அதிகம்.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. அக்டோபர் 5 பாண்ட் தினம். 1962-ல் ‘டாக்டர் நோ’ லண்டனில் திரைக்கு வந்த நாள். அதையொட்டிப் பழைய படங்களுக்கெல்லாம் புது முகப்பு போட்டீர்கள். பார்த்தால் யார் கையிலும் துப்பாக்கி இல்லை. பத்திரிகைகள் பழைய போஸ்டரையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டிருந்தன. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பழக்க தோஷம். ஷான் கான்னரி கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், கை மட்டும் எங்கேயோ இடிக்கிறது. ரோஜர் மூரின் கை ஒரு சாண் நீண்டுபோன மாதிரி இருக்கிறது. இன்னும் சிலவற்றில் அழிக்கும் சிரமமே வேண்டாம் என்று கீழ்ப்பகுதியை நறுக்கிவிட்டார்கள். ரசிகர்கள் சத்தம் போட்டதும் அவற்றை எடுத்துவிட்டு, படத்துக்குள்ளிருந்தே வேறு காட்சிகளைப் பொறுக்கி வைத்தீர்கள். அவற்றிலும் துப்பாக்கி இல்லை.

என் கோரிக்கை சின்னது. பழைய போஸ்டரைப் பழையபடியே போடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு நீளக் கடிதம் என்று கேட்கலாம். அந்தத் துப்பாக்கி பாண்டின் கைக்கு வந்ததே ஒரு வாசகர் கடிதத்தால்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் அந்த மவுசைப் பிடித்த தம்பிக்குத் தெரிந்திருக்காது, அவருக்காகச் சொல்கிறேன்.

1953-ல் ‘கசினோ ராயல்’ நாவலில் தொடங்கி முதல் ஐந்து கதைகளில், பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயன் ஃபிளெமிங் அவருக்குக் கொடுத்தது ஒரு குட்டி பெரெட்டா கைத்துப்பாக்கி. 1956-ல் கிளாஸ்கோவில் இருந்த ஜெஃப்ரி பூத்ராய்டு என்ற துப்பாக்கிப் பிரியர் அவருக்குக் கடிதம் எழுதினார். கதையெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் ஆள் வைத்திருப்பது பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சாமான் என்கிற தோரணையில். ஃபிளெமிங் கோபப்படவில்லை. பதில் எழுதினார், விவரம் கேட்டார், நண்பராகவே ஆகிவிட்டார். 1957-ல் வந்த ‘ஃபிரம் ரஷ்யா வித் லவ்’ நாவலின் அட்டை ஓவியத்துக்காக பூத்ராய்டு தன் சொந்த ரிவால்வரை இரவல் கொடுத்தார். அந்தச் சமயம் பார்த்து கிளாஸ்கோ பக்கம் ஒரு கொலை வழக்கில் அதே ரகத் துப்பாக்கியைத் தேடிய போலீஸ் அவரை விசாரிக்க வந்ததாம். ரசிகனாக இருப்பதில் அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு அவஸ்தை.

அந்த நாவலின் முடிவில் பெரெட்டா உடையில் சிக்கிக்கொண்டு பாண்ட் சாகக் கிடக்கிறார். அடுத்த நாவலான ‘டாக்டர் நோ’வில், 1958-ல், பாண்டின் மேலதிகாரியான ‘எம்’ ஆயுத நிபுணரை வரவழைத்துப் பெரெட்டாவைப் பிடுங்கிக்கொண்டு வால்தர் பிபிகே கொடுக்க வைக்கிறார். அந்த ஆயுத நிபுணருக்கு ஃபிளெமிங் வைத்த பெயர் மேஜர் பூத்ராய்டு. கடிதம் எழுதியவரே கதைக்குள் வந்துவிட்டார். பிற்பாடு டெஸ்மண்ட் லெவலின் நடித்து நாமெல்லாம் ‘க்யூ’ என்று கொண்டாடினோமே, அவரும் இந்த பூத்ராய்டுதான்.

சினிமாவிலும் அந்தக் காட்சி இருக்கிறது. ‘எம்’மின் மேஜைக்கு முன்னால் கான்னரி பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்கிறார். புதுத் துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறார். பழையதையும் நைசாகச் சேர்த்துக் கொண்டுபோகப் பார்க்கிறார். ‘எம்’ தலையைக்கூட நிமிர்த்தாமல் அதை வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். பாண்டுக்கு அவருடைய துப்பாக்கி கிடைக்கிற படமே அதுதான் ஐயா. எடுக்கிறதுதான் எடுத்தீர்கள், அந்தப் படத்தின் முகப்பிலிருந்தா எடுக்க வேண்டும்?

இப்போது தொழில்காரனாக ஒரு விஷயம். கையில் இருக்கும் பொருளை அழிப்பது சுலபம். அது அங்கே இருந்தது என்பதை அழிக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் தன் அப்பாவின் கண்ணீர் அஞ்சலி போர்டுக்காக வந்தான். இருந்தது ஒரே போட்டோ, வயல் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கும் போட்டோ. “பீடியை மட்டும் எடுத்துடுங்கண்ணே, சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க” என்றான். எடுத்தேன். பீடி போன இடத்தில் பின்னாலிருந்த பச்சையை இழுத்து மூடினேன். புகையைத் துடைத்தேன். சுத்தமாக வந்தது. சாயங்காலம் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தம்மா ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “ஏன் தம்பி, அவரு கை ஏன் வாதம் வந்த மாதிரி இருக்கு?” என்றார்.

ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பீடிக்காக வளைந்தவை. பீடி போனாலும் விரல் நிமிராது. தோள்பட்டை, முழங்கை, கண் போகும் திசை என்று உடம்பு முழுக்கக் கையில் இருப்பதற்குத் தகுந்தபடிதான் இருக்கும். அவர் கையில் ஒரு மண்வெட்டியை வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். கடைசியில் கழுத்துக்கு மேலே மட்டும் நறுக்கிப் போட்டுக் கொடுத்தேன். அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. அட்வான்ஸ் போக மீதிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். உங்கள் ஆட்கள் கீழே நறுக்கிய படங்களைப் பார்த்தபோது எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

நான் செய்ததாவது குடும்பம் கேட்டு, காசு வாங்கிச் செய்தது. உங்களிடம் இதை யார் கேட்டார்கள்?

துப்பாக்கி நல்லது என்று வாதாட வரவில்லை. எங்கள் ஊரில் பலருக்கு நிஜத் துப்பாக்கி தரிசனம் என்பது பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மடியில்தான். குழந்தைகள் பார்க்கும் திரையில் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் அது கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் முகப்பைத் தட்டினால் உள்ளே படம் அப்படியே ஓடுகிறதே! பேராசிரியர் டென்ட் குண்டு தீர்ந்து நிற்கும்போது பாண்ட் உட்கார்ந்தபடியே அவரைச் சுடும் காட்சி ஓடுகிறது. படம் தொடங்கியதுமே துப்பாக்கிக் குழாய் வழியாக ஒரு ஆள் நடந்து வந்து திரும்பி நம்மையே சுடுகிறான். 007 என்ற சின்னத்தில் ஏழின் வாலே துப்பாக்கிதான். அதை வரைந்த ஜோசஃப் கேரஃபுக்கு அன்று கிடைத்த கூலி 300 டாலர். 103 வயதுவரை இருந்துவிட்டு 2025 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். அக்டோபர் கூத்தைப் பார்க்காமல் போனார், புண்ணியவான். அந்த வாலை என்ன செய்வதாக உத்தேசம்? ஒட்ட நறுக்கிவிட்டால் எங்கள் ஊர் பஸ் நம்பர் மாதிரி இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. கான்னரி நீளக் குழாயோடு ஒரு துப்பாக்கியைக் கன்னத்தோரம் வைத்துக்கொண்டு நிற்பாரே, ‘ஃபிரம் ரஷ்யா வித் லவ்’ விளம்பரத்துக்கு எடுத்த போட்டோ, அது துப்பாக்கியே இல்லை. அன்றைக்கு வால்தர் பிபிகேயை எடுத்துவர மறந்துவிட்டார்கள். போட்டோ எடுத்த டேவிட் ஹெர்ன் தன்னிடம் இருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சமாளித்தார். திருவிழாவில் பலூன் சுடுகிற வகையறா. உலகத்தையே மயக்கிய அந்தப் படத்தில் இருப்பது அதுதான். அதைக்கூட நீங்கள் அனுமதிக்க மாட்டீர்கள் போலிருக்கிறது.

எங்களுக்கு இது புதிதல்ல என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 2015-ல் ‘ஸ்பெக்டர்’ வந்தபோது எங்கள் தணிக்கைக் குழு முத்தத்தின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தது. ‘சன்ஸ்காரி ஜேம்ஸ்பாண்ட்’, அதாவது ஒழுக்கசீலர் ஜேம்ஸ்பாண்ட், என்று நாடே சிரித்தது. இந்தியா முத்தத்தை எடுத்தது, நீங்கள் துப்பாக்கியை எடுத்தீர்கள். மிச்சம் இருப்பது ஒரு மார்ட்டினி. அதைக் கையில் எடுத்தாலும் கீழே ‘மது நாட்டிற்கும் வீட்டிற்கும் உயிருக்கும் கேடு’ என்று எழுத்து ஓடும். கடைசியில் கோட்டு சூட்டு மட்டும் நிற்கும். கல்யாண வரவேற்புக்கு எடுத்த மாப்பிள்ளை போட்டோ மாதிரி. 1983-ல் ‘ஆக்டோபுஸி’யில் நம்ம மெட்ராஸ் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால்தான் ஆட்களை அடிப்பார். அந்த மட்டையையாவது விட்டுவையுங்கள்.

புத்தகங்களிலும் கை வைத்தார்கள். 2023-ல் ஃபிளெமிங் நாவல்களின் புதுப் பதிப்பில் இனவெறி தொனிக்கும் சொற்களை மாற்றினார்கள். அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை, அந்தச் சொற்களை ரசித்துப் படித்தவன் அல்ல நான். தவிர, மாற்றியிருக்கிறோம் என்று புத்தகத்தின் முன்னாலேயே ஒரு குறிப்பாவது போட்டார்கள். நீங்கள் அதுகூடச் செய்யவில்லை. ராத்திரியில் வந்து அழித்துவிட்டுப் போன மாதிரிதான் இருந்தது.

கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. 2022-ல், பாண்ட் படங்களில் பங்குள்ள எம்ஜிஎம் நிறுவனம் மொத்தத்தையும் 845 கோடி டாலருக்கு வாங்கினீர்கள். 2025 பிப்ரவரியில் தயாரிப்பாளர்கள் பார்பரா பிரக்கோலி, மைக்கேல் வில்சன் கையிலிருந்து படைப்பு அதிகாரமும் உங்களிடம் வந்தது. அறுபது வருடத்துக்கு மேல் ஒரு குடும்பம் வீட்டு நகை மாதிரி பொத்திவைத்திருந்தது. அன்றைக்கே உங்கள் முதலாளி அடுத்த பாண்ட் யார், சொல்லுங்கள் பார்ப்போம் என்று ஊரைக் கேட்டார். டெனி வில்னோவ் இயக்குகிறார் என்று அறிவித்தீர்கள். நல்ல தேர்வு, மனசு குளிர்ந்தது. ஆனால் 2021-ல் ‘நோ டைம் டு டை’யின் முடிவில் ஏவுகணைகளுக்கு நடுவில் நின்ற பாண்டை அதற்குப்பின் நாங்கள் பார்க்கவில்லை. இத்தனை காத்திருப்புக்கு இடையில் உங்கள் கைவண்ணத்தில் எங்களுக்கு முதலில் தெரிந்த பாண்ட், விரல் வளைந்து வெறுங்கையோடு நிற்கும் ஒரு பாண்ட். புது ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்ததும் அவர் முதல் வேலையாகப் பூஜையறைப் படத்தில் பொட்டை அழித்தால் எப்படி இருக்கும்? ரசிகர்களின் பயம் போஸ்டரைப் பற்றி மட்டும் அல்ல என்பது உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

ராணி காமிக்ஸில் ஜேம்ஸ்பாண்ட் தமிழ் பேசிக்கொண்டிருந்த காலத்திலிருந்து இந்த மனிதரை எனக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் அவர் துப்பாக்கி எடுக்கும் கட்டத்தைத்தான் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பார்த்துப் பார்த்து வரைவேன். பிடியில் விரல்கள் சரியாக உட்காரவே உட்காராது. எத்தனை ரப்பர் தேய்ந்ததோ தெரியாது. இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தக் கட்டத்தை வரைந்து பழகித்தான்.

சொல்ல வந்ததை விட்டு எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். பழைய போஸ்டரைப் பழையபடியே போடுங்கள். புதுப் படத்துக்கு நீங்கள் என்ன முகப்பு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கியே இல்லாமல் ஒரு பாண்டை எடுத்தாலும் முதல் நாள் டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டுகிறேன். அது உங்கள் படம், உங்கள் உரிமை. கான்னரி, மூர், பிராஸ்னன் எல்லாம் ஏற்கெனவே எடுத்து முடித்தவை. ஓவியர்களும் போட்டோக்காரர்களும் பார்த்துப் பார்த்துச் செய்த போஸ்டர்கள். அவை காப்பகத்தில் பத்திரமாக இருக்கும், எடுத்து ஏற்றினால் போதும். டிசைனர்கூடத் தேவையில்லை, தொழில்காரனாகச் சொல்கிறேன், அரை மணி நேர வேலை.

பூத்ராய்டுக்கு ஃபிளெமிங் பதில் எழுதினார். எனக்குப் பதில் வேண்டாம். ஒரு நாள் ‘டாக்டர் நோ’ பக்கத்தைத் திறக்கும்போது அந்தக் கையில் அது இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ரசிகன்